கல் பொட்டு ஒட்டிய கீபோர்டு

செப்டம்பர் 1, ஞாயிறு

பரண் மேலிருந்து இளங்கோவின் கம்ப்யூட்டரை இறக்கினேன். மூன்று வருடமாக அவருடைய பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. எல்லாம் நாத்தனார் வாணியின் யோசனை. மஸ்கட்டிலிருந்து யோசனை சொல்வது சுலபம்.

"அண்ணி, அப்பாவுக்கு போனெல்லாம் சரிப்படாது. வெரல் நடுங்குது, எதையாவது தொட்டு எங்கயாவது போயிருது. பெரிய ஸ்கிரீன்னா மொகம் பாத்துப் பேசலாம். அண்ணன் கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்கு?"

சும்மாதான் கிடந்தது. வாணிக்கு அவள் அப்பாவைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், நாளை எழுதலாம்.

செப்டம்பர் 2

இன்சூரன்ஸ் கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. கோயம்புத்தூர். ஏற்கெனவே இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. முதல் தடவை இளங்கோவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை இளங்கோ இல்லை, மாமா இருந்தார். இந்த முறையும் மறுத்தால் ரிட்டையர் ஆகும்வரை இதே மதுரை, இதே நாற்காலி. அக்டோபர் பதினெட்டுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு எழுபத்தொன்பது வயது. கை நடுக்கத்தைத் தவிரப் பெரிய வியாதி இல்லை. சாப்பாட்டுக்குக் கேரியர் ஏற்பாடு செய்யலாம். கம்ப்யூட்டரில் அவரே கூப்பிட்டுப் பேசவும், நான் கூப்பிட்டால் எடுக்கவும் பழகிவிட்டால் மஸ்கட்டிலிருந்து வாணியும் கோயம்புத்தூரிலிருந்து நானும் கவனித்துக்கொள்வோம். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் மெஷின் ஓடட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டையிலேயே பொழுது போனது. இன்று உட்கார்ந்தேன்.

இளங்கோ வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் இன்றைக்கு வேலை ஓடாது. பிறகு பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன், எழுத்துகளைப் பெரிதாக்கினேன், திரையில் இருந்த குப்பையெல்லாம் நீக்கி நான்கே படம் வைத்தேன். என் போட்டோ, வாணியின் போட்டோ, ஒரு பல்பு, ஒரு பேப்பர். மவுஸால் என் படத்தைத் தொட்டால் எனக்குக் கால் வரும். பல்பைத் தொட்டால் கரண்ட் பில் பக்கம். பேப்பரைத் தொட்டால் தினசரிச் செய்தி.

அடுத்தது மவுஸ். அதைத் தூக்கி டிவி ரிமோட் மாதிரி திரையைப் பார்த்து நீட்டுகிறார். மேஜை மேல் வைத்து நகர்த்த வேண்டும் என்று சொன்னால் விளிம்பு வரை கொண்டுபோய் நிற்கிறார். "ரோடு முடிஞ்சு போச்சேம்மா," என்கிறார். சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகோ.

செப்டம்பர் 10

இன்று சிரிக்கவில்லை.

"அம்பு எங்கம்மா இருக்கு?"

"அந்தா நடுவுல இருக்கு மாமா."

"எங்க?"

அம்புக்குறியை இருப்பதிலேயே பெரியதாக வைத்தேன். கட்டை விரல் அளவு இருக்கிறது. மறுபடியும் எங்க என்றார். கவனமாகப் பார்த்தால்தானே தெரியும். ஆபீசிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "கண்ணு முன்னாடி இருக்கிறதப் பாக்காம எங்க எங்கன்னா நான் என்ன மாமா செய்யிறது?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மவுஸை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார். "லீவர்னா கையால புடிச்சு இழுத்துருவேன். இது புடிமானமே இல்லாம ஓடுது," என்றார். முப்பது வருடம் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்தவர்.

செப்டம்பர் 12

மெஷின் பக்கம் யாரும் போகவில்லை. தலைவலி.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாமாவே வழி சொன்னார். ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு ஆள் வருகிற மாதிரி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும்தான், எனக்குத்தான் தோன்றவில்லை. கீபோர்டின் மேல் வரிசையில் நான்கு கீகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தைக் கட்டிவிட்டேன். அடையாளத்துக்கு ஒட்டுப்பொட்டு ஒட்டினேன்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இது வழுவழுன்னு இருக்கும்மா. கல்லு வச்சது இல்லையா?"

இருந்தது. கண்ணாடி மேஜை இழுப்பறையில் பிரிக்காத அட்டைகளே நாலைந்து. மீனாட்சி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இளங்கோ வாங்கிக் கொடுத்தது. இப்போது நான் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளிதான் வைக்கிறேன். கல் பொட்டைப் பிரித்து, என் கீயில் ஒன்று, வாணி கீயில் இரண்டு, கரண்ட் பில்லுக்கு மூன்று, பேப்பருக்கு நான்கு என்று ஒட்டினேன். கீபோர்டு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆண்பிள்ளைக்குப் பொட்டில் இவ்வளவு ரசனை என்று கேலி செய்தேன். அவரும் சிரித்துவைத்தார்.

செப்டம்பர் 17

சாயங்காலம் வந்தபோது மாமாவின் இரண்டு கன்னமும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கண் மருந்துப் புட்டி. அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று இரண்டு வருடமாக மருந்து விட்டுக்கொள்கிறார், அவரேதான் விட்டுக்கொள்வார். ஆனால் மருந்து அவ்வளவு வழியுமா என்ன? இளங்கோ நினைப்பு வந்திருக்கும். கேட்டால் எனக்கும் வரும். கேட்கவில்லை.

செப்டம்பர் 19

மதியம் ஆபீசிலிருந்து முதன்முதலாகக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டார். திரையில் அவர் நெற்றியும் பின்னால் காலண்டரும் தெரிந்தன. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு, சரி மாமா என்று போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து எடுத்துப் பார்த்தால் கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பட்டனை நானும் அழுத்தவில்லை, அவரும் அழுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "நீ வச்சது தெரியாம நான் எப்படிம்மா வைக்கிறது?" என்றார். ரயில்வே பழக்கம். அடுத்த ஸ்டேஷன்காரன் வண்டி வந்து சேர்ந்தது என்று சொல்லும்வரை இந்த ஸ்டேஷன்காரன் அடுத்த வண்டியை விட மாட்டானாம்.

அந்த நேரத்தில் நானும் பக்கத்து சீட் ஜெசிந்தாவும் கோயம்புத்தூர் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை தூங்க வேண்டும், யாருக்கும் காபி போடக் கூடாது என்று சொன்னது ஞாபகமிருக்கிறது. "அந்தக் கெழவரு மட்டும் மெஷினப் பழகிட்டாருன்னா நான் தப்பிச்சேண்டி," என்றும் சொன்னேன். மாமா அவ்வளவு நேரம் முன்னாலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். சாப்பிடப் போயிருப்பார்.

செப்டம்பர் 23

நம்ப முடியவில்லை. நான்கே நாளில் தேறிவிட்டார். காலையில் நான் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிடுகிறார். மதியம் ஒருமுறை. வாணியை ஒருமுறை. "அப்பா சூப்பர் அண்ணி!" என்று அவள் அங்கே குதிக்கிறாள்.

எடுத்ததும் முதல் பேச்சு, "ஏம்மா மொகம் வாடியிருக்கு, சாப்பிடலையா?" என்பதுதான். கேமரா அவ்வளவு தெளிவாக இருக்கிறதா என்று ஆபீஸ் கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வாடித்தான் இருந்தது.

செப்டம்பர் 26

வீட்டுக்கு வரும் பேப்பரை நிறுத்திவிடச் சொன்னார். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வருகிறதாம். நான் வாங்கிப்போட்ட பேப்பர்கள் மடிப்புக் கலையாமல் கிடந்ததை இப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் அதில் சலிப்புதான் போலிருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

காபியை ஆற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினார். கை நடுக்கம். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். வயசு.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மாதம் இது. லீவு கேட்கவா என்றேன். "எதுக்கும்மா? பளிச்சுன்னுதான் இருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றார். ஒரு நாள் லீவு மிச்சம் என்று எனக்கு நிம்மதி.

அக்டோபர் 4

மாமாவிடம் கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"போய் நல்லபடியா சேரும்மா. எனக்கென்ன? மெஷின் இருக்கு, வாணி இருக்கா, நீ தெனம் கூப்பிடப் போற. இன்னும் எத்தன நாளைக்கு ஒருத்தருக்காக நீ ஒக்காந்திருப்ப?"

அவர் ஆச்சரியமே படவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை. உடம்பு லேசாகிவிட்டது. இதற்காக நான் வெட்கப்படவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 7

ஜெசிந்தாவின் உறவுக்காரர் கோயம்புத்தூரில் மகளிர் விடுதி ஒன்று சொல்லியிருக்கிறார். ஒற்றை அறை. ஜன்னல் உண்டு.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மெஷின், மாமாவின் பழைய விசில் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். கம்ப்யூட்டரையும் விடவில்லை. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் அரைப்பிடி மிக்சர் விழுந்தது. ஈரத்துணியால் துடைத்ததில் கல் பொட்டெல்லாம் பிய்ந்து வந்துவிட்டது. துடைத்த கீபோர்டைச் சாமி படத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, புது அட்டையிலிருந்து பொட்டு எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒட்டினேன். பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும். பொரி, சுண்டல், சூடம். பூஜையில் வைத்ததை இன்று தொடக் கூடாது என்பதால் மெஷினுக்கும் லீவு.

அக்டோபர் 12, விஜயதசமி

காலையில் மாமா குளித்து விபூதி பூசி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நல்ல நாள், வாணியிடம் முதலில் பேசிவிடுகிறேன் என்றார். நான் சுண்டலைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனேன். அவர் பேசுவது கேட்டது.

"வாணி, நல்லாருக்கியாம்மா? புள்ளைக எந்திரிச்சாச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வாணி? சத்தம் வரலம்மா எனக்கு."

நெட் சரியில்லையோ என்று கரண்டியோடு வந்தேன். அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். வாணி இல்லை. கரண்ட் பில் பக்கம் திறந்திருந்தது. நுகர்வோர் எண்ணை இங்கே தரவும் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் ஒரு பல்பு. நேற்று கீபோர்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பொட்டை வரிசை மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறேன். இரண்டு கல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்தப் பில்லைப் பார்த்துச் சிரித்தார்.

"மொகம் நல்லா தெரியுது வாணி. சத்தந்தான் வரல. அந்தப் பச்சச் சேல ஒனக்கு எடுப்பா இருக்கு."

என் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவர் திரும்பவில்லை. சிரிப்பு மட்டும் மெதுவாகப் போனது.

"வாணி இல்லையாம்மா அதுல?"

"இல்ல மாமா."

"அப்ப என்ன இருக்கு?"

"கரண்ட் பில்லு."

அவர் கீபோர்டைத் தடவிக்கொண்டே இருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்தே மங்கல், ஆடிக்குப் பிறகு முகம் தெரியவில்லை என்றார். வீட்டுக்குள் எங்கே எது இருக்கிறது என்பது பழக்கமாம். அவர் என்னை ஏமாற்றினாரா, நான் ஏமாற வேண்டும் என்று இருந்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தது கோபம்தான். அழுகை இல்லை, இரக்கம் இல்லை, நல்ல கோபம்.

"ஏன் மாமா சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ அந்தப் புள்ளகிட்டப் பேசுனதக் கேட்டேம்மா. கால் ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல, அன்னிக்கி. நான் மெஷினப் பழகிட்டா நீ தப்பிச்சன்னு சொன்ன. நியாயந்தான? அதான் பழகிட்டேன்."

ஆனாலும் விடவில்லை.

"அப்ப தெனமும் மொகம் வாடியிருக்குன்னு சொன்னீங்களே? அதெப்படித் தெரிஞ்சுது?"

"நீ என்னிக்கும்மா வாடாம இருந்த?" என்றார்.

அடுப்பில் சுண்டல் தீய்ந்துபோனது.

அக்டோபர் 14

கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் மாலையில் வந்தோம். இடது கண் முழுதாகப் போய்விட்டது, திரும்பாது. வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் உருவமும் மிச்சம். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இத்தனை மாதமும் நடுங்கும் கையால் அவர் விட்ட மருந்து கண்ணுக்குள் போகவேயில்லை, கன்னத்தில்தான் போயிருக்கிறது. "கூட யாராவது இருந்து காலையும் ராத்திரியும் விடணும். இவரத் தனியா விடாதீங்க," என்றார்.

வாணிக்கு போன் செய்தேன். அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இப்ப என்னண்ணி செய்யப் போறீங்க?" என்றாள். செய்யப் போறோம் என்று அவள் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

அக்டோபர் 15

ஆபீசில் ஜெசிந்தா கேட்டாள். இன்னும் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. மதியம் முழுக்க அந்த ஒற்றை அறையின் ஜன்னலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16

சாப்பிடும்போது மாமா ஆரம்பித்தார்.

"திருமங்கலத்துப் பக்கம் முதியோர் இல்லம் ஒண்ணு இருக்காம். என்னோட வேல பாத்தவரு ஒருத்தரு அங்கதான் இருக்காரு. மருந்தெல்லாம் அவுகளே விட்டுருவாகளாம்."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சே, என்ன பேச்சு மாமா இது என்று வாய் தானாகச் சொல்ல வேண்டிய இடம் அது. ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்க்க முடியாதவருக்கு அந்த மௌனம் முழுசாகக் கேட்டிருக்கும். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகுதான் சொன்னேன். "என்கூட கோயம்புத்தூர் வந்துருங்க மாமா."

"அது சரிப்படாது. மகன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லலாம். மகனே இல்லாதப்ப மருமக வீட்ல போய் இருக்கேன்னு எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"மூணு வருஷமா யாரு வீட்ல மாமா இருக்கீங்க?"

இந்த வீட்டு வாடகைப் பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது. இளங்கோ இறந்த மாதமே வீட்டுக்காரர் மாற்றிவிட்டார். மாமாவுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் இதை மாமா வீடு என்றே பேசிவந்தோம். சொன்ன பிறகு, இவ்வளவு கூர்மையாகச் சொல்லியிருக்க வேண்டாமே என்றிருந்தது. அவர் கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 17

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் காபி கொடுத்தபோது மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். டம்ளரைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"நேத்துக் கூப்பிட்டியே, இஷ்டப்பட்டுத்தான் கூப்பிட்டியா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மெஷின் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிய பொய்கள் போதும் என்று தோன்றியது.

"முழுசா இல்ல மாமா. எனக்குக் கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா ஒங்கள எங்கயோ விட்டுட்டு அங்க போயி என்னால தூங்க முடியாது. அவ்வளவுதான்."

"அப்ப வர்றேன்," என்றார். "முழு இஷ்டம்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன். அத நம்பி எப்படி வர்றது?"

கொஞ்சம் காபியைக் குடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம காலையில காபிக்கு அவசரமில்லம்மா, நீ ஏழு மணிக்கு எந்திரிச்ச பொறகு போட்டாப் போதும்," என்றார். நான் சரி என்றேன். விடுதிக்காரருக்கு போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள வீடாகப் பார்க்க ஜெசிந்தாவின் உறவுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். சம்மதம் என்று ஆபீசுக்கு எழுதிவிட்டேன்.

அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது என்று சொல்ல மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் தலையை நாற்காலியில் சாய்த்து மருந்தை எடுத்தேன். போன கண்ணுக்கு எதற்கும்மா வீணாக, ஒன்றில் விட்டால் போதும் என்றார். டாக்டர் இரண்டிலும் விடச் சொல்லியிருக்கிறார். இரண்டிலும் விட்டேன்.